ஆலிவ் அத்தை நிறுத்திய இடம்

ரிவர்ட்டன், மனிடோபா
14 செப்டம்பர் 1992

இல்லை அக்கா, இங்கே யாரும் கோபப்படவில்லை. சிரித்தார்கள். அவ்வளவுதான்.

நலம் விசாரிக்காமலே தொடங்கிவிட்டேன். நானும் பால்டூரும் சுகம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. வலை இழுக்கும்போது ஊன்றுகிற கால் அது. உன் இருமல் எப்படி இருக்கிறது? டொராண்டோவில் இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சமிருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் புத்தகம் பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்த அன்று நானும் இருந்தேன். லோய்கா அதை வாங்கினாள். ஒரு படத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின்னட்டைக்குப் போனாள். நம் ஐஸ்லாந்துக்காரர்களைத்தான் உனக்குத் தெரியுமே. புதிதாக ஒருவர் வந்தால் யார் மகன், எந்தப் பண்ணை என்று கேட்ட பிறகுதான் காபி. சத்தமாக வாசித்தாள்: "ரிவர்ட்டனில் பிறந்த தோரா எர்லெண்ட்சன் தந்தை வழியில் கிரீ என்னும் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்தவர். வின்னிபெக் ஏரியின் வடகோடியில் தன் கிரீ அத்தை சொன்ன கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதிவருகிறார்."

"ஏண்டி தீசா, உங்க அப்பாவுக்குக் கிரீ தங்கச்சி எப்போ பொறந்தா?" என்றாள் லோய்கா. "முண்டியோட வம்சாவளி நோட்டுல ஆயிரம் வருசத்து ஆளுங்க பேரு இருக்கு. இவளை மட்டும் எப்படி விட்டான்?"

"ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும்," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

முண்டி சித்தப்பா அன்று மாலை வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நீ ஆலிவ் அத்தையைத்தான் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரவில் ஜன்னலை மூடிப் படு.

தீசா


டொராண்டோ
2 அக்டோபர் 1992

அன்புள்ள தீசா,

இருமல் குறைந்திருக்கிறது. பால்டூரின் காலுக்கு எண்ணெய் போட்டு மட்டும் ஆகாது, மருத்துவரிடம் காட்டு.

எப்படி நடந்தது என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன்.

முதல் புத்தகம் வந்தபோது ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். இந்தக் கதைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். அப்பா கோடையில் எங்களைக் கூட்டிப்போன மீன் நிலையத்தில், ஆலிவ் அத்தையிடமிருந்து என்றேன். அங்கே சமைக்கிற பெண், மீன் அரிகிற பெண் எல்லோரும் நமக்கு அத்தைதானே. "கிரீ பெண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். இரண்டு பதிலும் உண்மை. மறுநாள் பத்திரிகையில் எனக்கு ஒரு கிரீ அத்தை இருந்தாள்.

திருத்தவில்லை. சின்ன விஷயம் என்று நினைத்தேன்.

இரண்டாவது புத்தகத்தின் அட்டையில் அது அச்சானது. மூன்றாவதுக்குப் பதிப்பகத்தாரே "தந்தை வழியில்" என்று சேர்த்து எனக்கு அனுப்பினார்கள். படித்தேன். சரி என்று கையெழுத்திட்டேன். அந்த இடத்தில் நடந்த தவறு என்னுடையது.

இப்போது குழந்தை எழுத்தாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து ஒரு பெரிய நூல் போடுகிறார்கள். படிவம் வந்திருக்கிறது. "பின்னணி" என்று ஒரு கட்டம். அதோடு, பூர்வகுடி எழுத்தாளர்களுக்கான ஒரு பரிசின் இறுதிப் பட்டியலில் "வாத்துகளோடு போனவள்" இருக்கிறது. பிப்ரவரியில் முடிவு. வடக்கே கிரீ மக்களின் ஊரான நார்வே ஹவுஸிலிருந்து ஓர் ஆசிரியை பதிப்பகத்துக்கு எழுதியிருக்கிறாள்: இது எந்தக் குடும்பத்து ஆலிவ்?

பதிப்பகம் என்னிடம் ஏதாவது ஓர் ஆதாரம் கேட்கிறது. அப்பாவின் பெட்டியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. பனிக்கட்டிக் கொட்டகையின் வாசலில் ஆலிவ் அத்தை, இரண்டு பக்கமும் நாம். அதை அனுப்பு. வேறொன்றும் நீ சொல்ல வேண்டாம்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். சித்தப்பாவையும்.

தோரா


ரிவர்ட்டன்
9 நவம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஏரி இந்த வருடம் சீக்கிரமே உறைகிறது. கரையோரம் ஆள் நிற்கலாம், நடுவில் இன்னும் கருப்பாகத் தண்ணீர். பால்டூர் தினமும் போய்க் கோடாலியால் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். "இன்னும் நாலு நாள்" என்கிறார். நேற்றும் அதையே சொன்னார்.

நம் ஐஸ்லாந்து அடுக்குப் பிளம் கேக்கை இந்த முறை கிறிஸ்துமஸுக்கு முன்பே செய்துவிட்டேன். ஏழு அடுக்கும் சரியாக வந்தது. ஒரு விருந்தாளி வந்திருந்தார். உனக்கு வேறு ஒன்று செய்து அனுப்புகிறேன்.

பெட்டி மேல்மாடியில் இருக்கிறது. ஏணி ஆடுகிறது.

குளிருக்கு நல்ல காலுறை வாங்கிக்கொள்.

தீசா


டொராண்டோ
20 நவம்பர் 1992

தீசா,

நலம். நலமா?

ஏணி ஆடுகிறது என்று எழுதியிருக்கிறாய். உன்னைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஒரு பெட்டியைத் திறக்காமல் நீ இருந்ததில்லை.

படிவத்தை இன்னும் நிரப்பவில்லை. பிறந்த ஊர் எழுதினேன். பள்ளி எழுதினேன். பின்னணிக் கட்டத்தில் பேனாவை வைத்தால் மை ஊறுகிறது.

அந்த ஆசிரியை அக்டோபர் தொடக்கத்தில் மறுபடி எழுதிய கடிதம் இப்போதுதான் என் கைக்கு வந்தது. வெர்னா ஃபோல்ஸ்டர் என்று பெயர். கோபமான கடிதம் இல்லை. கோபமாக இருந்தால் பதில் எழுதத் தெரியும்.

படம் வேண்டும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தோரா


ரிவர்ட்டன்
17 ஜனவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. பால்டூர் உறைந்த ஏரியின் மேல்தான் வலையோடு இருக்கிறார். மீன் பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

படம் என்னிடம் இல்லை.

வெர்னா ஃபோல்ஸ்டர் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தாள். உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அட்டையில் ஊர்ப் பெயர் இருந்ததல்லவா. கடையில் விசாரித்திருக்கிறாள். எட்டு மணி நேரம் தனியாக வண்டி ஓட்டி வந்திருந்தாள். நம் வயதுதான். கையில் உன் புத்தகம்.

"நீங்க எழுத்தாளரோட தங்கச்சியா?" என்றாள்.

"ஆமா. உள்ள வாங்க. கால் நனைஞ்சிருக்கே, அடுப்புப் பக்கம் உக்காருங்க."

"நான் சண்டை போட வரல."

"வந்தாலும் காபி குடிச்சிட்டுப் போடுங்க."

சிரித்தாள். பிறகு கேட்டாள்: "உங்க அத்தை ஆலிவ், எந்த ஊரு?"

அக்கா, நான் என்ன சொல்வேன்? நம் வீட்டு மேஜை அது. சித்தப்பாவின் நோட்டு அலமாரியில் இருக்கிறது. "அவங்க எங்களுக்கு ரத்த சம்பந்தம் இல்ல," என்றேன். "மீன் நிலையத்துல சமைச்சாங்க. நாலு கோடை. நாங்க அத்தைன்னு கூப்பிடுவோம்."

"ஆலிவ் ஃபோல்ஸ்டரா?"

"ஆமா."

"அது என் அம்மா."

ஆறு வயதில் அவளைத் தெற்கே பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான அரசாங்க விடுதிப் பள்ளிக்குக் கட்டாயமாகக் கூட்டிப்போய்விட்டார்களாம். நான்கு வருடம் கோடையிலும் வீட்டுக்கு அனுப்பவில்லையாம். அதே நான்கு கோடைதான். அம்மா இறந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. அந்த நாட்களில் அம்மாவை எடுத்த ஒரு படம்கூட அவளிடம் இல்லை.

ஏணியில் நானே ஏறினேன். ஆடவில்லை. படத்தைக் கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

தீசா


டொராண்டோ
30 ஜனவரி 1993

தீசா,

நலம் எல்லாம் பிறகு.

என்னைக் கேட்டிருக்கலாம். ஒரு கடிதம். ஒரு வரி. நவம்பரில் எனக்கு ஏரி உறைந்த கதையை எழுதினாய். கேக் எழுதினாய். நான் இங்கே ஒரு கட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நீ கொடுத்தது சரி. அதனால்தான் கோபம்.

அவள் வேறு என்ன கேட்டாள்? நீ எல்லாவற்றையும் சொல்லவில்லை. உன் கடிதத்தில் எட்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவள் ஒரு படத்தை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுகிறாள்.

தோரா


ரிவர்ட்டன்
14 பிப்ரவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் உடம்புக்கு ஆகாது. மருந்தை நிறுத்தாதே.

ஆம், கேட்டாள்.

அவள் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். உன் புத்தகத்தை வகுப்பில் வாசிக்கிறாள். அதில் இலையுதிர் காலத்தில் வாத்துகள் அந்தச் சிறுமியைக் கூட்டிக்கொண்டு தெற்கே பறக்கின்றன. அம்மா ஒவ்வொரு வசந்தத்திலும் கரையில் நிற்கிறாள். கடைசிப் பக்கத்தில் சிறுமி இறங்கி வருகிறாள், முடியில் ஒரு இறகோடு. அந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் மூன்று முறை வாசிக்கச் சொல்வார்களாம்.

"நான் எங்க அம்மா வாயால ஒரு கதைகூடக் கேட்டதில்ல," என்றாள். "இதைப் படிச்சப்போ அவங்க குரல் கேட்ட மாதிரி இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பொண்ணு திரும்பி வருதே. எங்க அம்மா அப்படித்தான் சொன்னாங்களா?"

ஆமாம் என்றேன்.

அக்கா, நீ அந்த அட்டையில் செய்ததை விட இது பெரிதா சிறிதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல வரவில்லை. கேக்கில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

உன் அட்டைக் குறிப்பை நீ எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள். அந்தக் கடைசிப் பக்கத்தைத் தொடாதே. அது அவளிடம் இருக்கட்டும்.

தீசா


டொராண்டோ
20 மார்ச் 1993

அன்புள்ள தீசா,

இருமல் நின்றுவிட்டது. பனி உருகித் தெருவெல்லாம் சேறு. பால்டூர் கரைக்குத் திரும்பிவிட்டாரா?

பரிசுப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி, முடிவு வருவதற்கு முன்பே எழுதிவிட்டேன். பிறகு பதிப்பாசிரியரைப் போய்ப் பார்த்தேன்.

"ஒரு வரிதானே தோரா," என்றார். "பின்னட்டைய யாரு படிக்கிறாங்க?"

"எங்க ஊர்ல அதைத்தான் முதல்ல படிப்பாங்க."

"எங்க எல்லாரையும் முட்டாளாக்கிட்டீங்க. தெரியுதா?"

"தெரியுது."

அதற்குப் பிறகு அவர் என்னைத் தோரா என்று கூப்பிடவில்லை. மூன்றாம் அச்சு நின்றுவிட்டது. பள்ளிகளின் பட்டியலிலிருந்து புத்தகம் போய்விடும். தொகுப்பு நூலுக்குப் படிவத்தை அனுப்பினேன். பிறந்த ஊர் ரிவர்ட்டன். தந்தை மீனவர், ஐஸ்லாந்துக் குடும்பம். கதைகள் நார்வே ஹவுஸைச் சேர்ந்த ஆலிவ் ஃபோல்ஸ்டர் சொன்னவை. கட்டத்தில் பாதிகூட நிரம்பவில்லை.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நீ தொடாதே என்ற பக்கம் மிச்சமிருக்கிறது.

நினைத்துப் பார். மதியம். வெயில். நாம் கொட்டகை வாசலில் ஈரமான மரத்தூளில் உட்கார்ந்திருக்கிறோம். அத்தை கத்தியைத் தீட்டிக்கொண்டே சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் அம்மா கரையில் நிற்கிற இடத்தில் நிறுத்திவிடுவாள். "அப்புறம்?" என்று நீ கேட்பாய். அவள் என்ன சொல்வாள் என்று உனக்கு நினைவிருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அந்த ஒரு வரியை நான் என் புத்தகத்தில் சேர்க்கவில்லை. குழந்தைகளுக்கான கதை அப்படி நிற்கக்கூடாது என்று பதிப்பகம் சொன்னது. நானே ஒரு முடிவு எழுதினேன். நல்ல முடிவு. விற்றது.

அந்த முடிவு என்னுடையது. அந்த வரி வெர்னாவின் அம்மாவுடையது. நாம் அவளுக்குக் கொடுத்தது என்னுடையதை.

உன் பதில் வந்த பிறகு வெர்னாவுக்கு எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுவேன்.

தோரா


ரிவர்ட்டன்
11 ஏப்ரல் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். ஈஸ்டர் அமைதியாகப் போயிற்று. சித்தப்பா உன் தொகுப்பு நூல் எப்போது வரும் என்று கேட்டார். வந்ததும் ஒரு பிரதி வேண்டுமாம்.

நீ எழுது. அவளுக்கு நேரே அனுப்பாதே. பள்ளியில், பிள்ளைகள் நடுவில், அவள் அதைப் பிரிக்க வேண்டாம். எனக்கு அனுப்பு. பள்ளி விடுமுறை விட்டதும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பொய் சொன்னவள் நான். நானே கொடுக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

தீசா


டொராண்டோ
25 மே 1993

மதிப்பிற்குரிய வெர்னா அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நான் கேட்க உரிமையில்லாத நலம்தான்.

உங்கள் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் எழுதவில்லை. பதில் தெரிந்ததால் எழுதவில்லை.

உங்கள் அம்மா எங்களுக்குப் பதினொரு கதைகள் சொன்னார். மூன்றை என் குடும்பத்துக் கதைகள் என்று சொல்லி அச்சிட்டேன். அவை என் குடும்பத்துடையவை அல்ல. எட்டு ஒரு பள்ளி நோட்டில் இருக்கின்றன. ஒன்பது வயதில், எங்கள் மொழியில் எழுதியது. யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் நான் கேட்டேன், எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள் என்று. "என் பிள்ளை காது இங்க இல்ல. உங்க காதாவது இருக்கட்டும்," என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்த பிறகும் அட்டையில் கையெழுத்திட்டேன்.

"வாத்துகளோடு போனவள்" கதையின் கடைசிப் பக்கம் நான் எழுதியது. உங்கள் அம்மா அந்தச் சிறுமி திரும்பி வந்ததாக ஒருபோதும் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. அம்மா கரையில் நிற்கிறாள் என்பதோடு நிறுத்துவார். அப்புறம் என்ன என்று என் தங்கை கேட்பாள். அதற்கு அவர் சொன்னது இது. ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை:

"அவ இன்னும் வரலையே. வந்ததும் அவகிட்ட மிச்சத்தைச் சொல்லுவேன். நீங்களும் கூட உக்காந்து கேட்டுக்கங்க."

தீசா உங்களிடம் வேறு விதமாகச் சொன்னாள். உண்மை உங்களுக்கு வலிக்கும் என்று பயந்து அப்படிச் சொன்னாள். அவளை மன்னித்துவிடுங்கள். என் விஷயத்தில் அதைக் கேட்க மாட்டேன்.

தோரா எர்லெண்ட்சன்


ரிவர்ட்டன்
4 ஜூலை 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் பால்டூரும் சுகம். நீ பதிலுக்குக் காத்துக்கொண்டிருப்பாய். அதனால் நேராகச் சொல்கிறேன்.

வெர்னா வெள்ளிக்கிழமை வந்தாள். காபி ஊற்றிய பிறகு கடிதத்தைக் கொடுத்தேன். முழுதும் படித்தாள். ஒரு இடத்துக்கு மட்டும் திரும்பிப் போய் மறுபடி படித்தாள். எந்த இடம் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

"நீங்க பொய் சொல்லிட்டீங்க," என்றாள்.

"ஆமா."

"நல்லா சொன்னீங்க. எனக்குச் சந்தேகமே வரல."

அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

"எத்தனை தடவை அம்மா அப்படிச் சொன்னாங்க?"

"நான் கேட்டப்பல்லாம்."

"எத்தனை தடவை கேட்டீங்க?"

"நாலு கோடையும் கேட்டேன். நான் வாயாடி."

கோப்பையை மேஜையில் தள்ளி வைத்தாள். பால்டூர் வாசல் வரை வந்து எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். பிறகு அவள் சொன்னாள், மேஜையைப் பார்த்துக்கொண்டு:

"பத்து வயசுல என்னை வீட்டுக்கு விட்டாங்க. அம்மா உக்கார வெச்சு ஏதோ சொல்ல ஆரம்பிச்சாங்க. எனக்குக் கிரீ பாதி மறந்துபோச்சு. அதெல்லாம் பேய்க்கதை, கேட்டா பாவம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருந்தாங்க. நான் எழுந்து வெளிய போயிட்டேன். அவங்க மறுநாளும் ஆரம்பிச்சாங்க. மறுநாளும் போயிட்டேன். அப்புறம் அவங்க விட்டுட்டாங்க."

அக்கா, அந்த மிச்சம் என்னவென்று இனி யாருக்கும் தெரியாது. நமக்கும் தெரியாது. அவளிடம் அதைச் சொன்னேன். தலையசைத்தாள்.

"உங்க அக்காவ அந்த எட்டுக் கதையையும் எழுதி அனுப்பச் சொல்லுங்க," என்றாள். "சொந்தமா ஒரு வரிகூடச் சேர்க்க வேணாம். நிறுத்தின இடத்துல நிறுத்தட்டும்."

"சொல்றேன்."

"இந்த வாத்துக் கதையை இப்ப நீங்க சொல்லுங்க. அவங்க சொன்ன மாதிரி."

எனக்குக் கதை சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன். வாத்துகள் வந்தன. சிறுமி போனாள். அம்மா கரையில் நின்றாள். அங்கே நிறுத்தினேன்.

அவள் கடைசி வரை உட்கார்ந்து கேட்டாள். பிறகு எழுந்து கோப்பையைக் கழுவி வைத்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போனாள்.

தீசா